பெரியப்பச்சி பெயரில் கார். இன்சூரன்ஸை என் பெயரில் எடுக்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியப்பச்சி (அப்பாவின் அண்ணன்), ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்கிய கார் கானாடுகாத்தான் வீட்டில் நிற்கிறது. ஆர்சி (பதிவுச் சான்று) அவர் பெயரில். ஓட்டுவது, சர்வீஸுக்கு விடுவது எல்லாம் நான்தான். அடுத்த மாதம் இன்சூரன்ஸ் முடிகிறது. "நீயே உன் பேர்ல போட்டுக்கப்பா" என்கிறார். ஏஜென்ட்டும் செய்து தருவதாகச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். இந்த முறையும் பெரியப்பச்சி பெயரிலேயே புதுப்பியுங்கள். பிரீமியத்தை நீங்கள் கட்டலாம். அதில் தடை இல்லை. பாலிசியில் இருக்கும் பெயரும் ஆர்சியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

உங்கள் ஊர் வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். கார் அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டம், பொதுவாக யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளராகப் பார்க்கிறது. பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், ஆர்சியில் பெயர் இருந்தவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. ஆகவே கார் சேதமானால் நஷ்டம் சட்டப்படி பெரியப்பச்சிக்குத்தான். உங்கள் பெயரில் பாலிசி இருந்தால், "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கம்பெனி கேட்கும். பிரீமியம் வாங்கும்போது இந்தக் கேள்வி வராமல் போகலாம். கிளெய்முக்குப் போனால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஆர்சி, பாலிசி, லைசென்ஸ் மூன்றையும் வைத்துப் பார்ப்பார். சிக்கல் அங்கேதான் வெடிக்கும். ஏஜென்ட் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

அவர் பெயரில் பாலிசி இருந்து நீங்கள் ஓட்டினால் பாதுகாப்பு குறையுமோ என்று பயப்பட வேண்டாம். அவர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் வண்டியின் சேதத்துக்கும், அந்த வண்டியால் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்கான நஷ்டஈட்டுக்கும் காப்பு உண்டு. கல்யாணத்துக்கு ஆக்டிங் டிரைவர் போடும் வழக்கம் இருந்தால், சம்பள டிரைவருக்கான காப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். சிறு தொகைதான். ஆனால் ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்குக் காரை வாடகைக்கு விடாதீர்கள். சொந்த உபயோக பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது.

குறை இருப்பது உங்கள் உயிருக்கான காப்பில். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு மட்டும். நீங்கள் ஓட்டி உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. மூன்றாம் நபர் காப்பில் கேட்கலாமே என்றால், அதுவும் கஷ்டம். இன்னொருவர் பைக்கை இரவல் வாங்கி ஓட்டி இறந்தவரின் வழக்கில், அவர் உரிமையாளர் இடத்துக்கு வந்துவிடுகிறார், மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் உங்கள் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள். கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் அதே நாளில் எடுப்பது நல்லது. தள்ளிப்போட்டால் மறந்துபோகும்.

சரி, கார் உங்களுக்கே என்று பெரியப்பச்சி முடிவு செய்திருந்தால் முறைப்படி ஆர்சியை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளையார் நோன்புக்கு வருகிறார் என்றால் அப்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கலாம். கார் லோன் பாக்கி இருந்தால் பேங்க் சம்மதமும் தேவை. அவர் வரும்வரை பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவைக்காதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. காலாவதியாகி 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும்.

கார் உங்கள் பெயருக்கு மாறினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். மூன்றாம் நபர் காப்பு காரோடு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். வண்டியின் சேதத்துக்கான காப்பு வராது. கேட்டு மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பெரியப்பச்சிக்குச் சொந்தமானது என்பதால் அந்தத் தள்ளுபடிப் பணத்தை மீதிக் காலத்துக்குக் கணக்குப் போட்டு உங்களிடம் வாங்குவார்கள்.

அப்புறம் சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்று. வயதானவர் பெயரில் இருக்கும் காரை, அவர் காலமான பிறகும் அதே பெயரில் புதுப்பித்துக்கொண்டே ஓட்டுபவர்கள் உண்டு. பாலிசிதாரர் இறந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் காப்பு. அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே வாரிசு என்பது அவர் மனைவி, பிள்ளைகள். அண்ணன் தம்பி பிள்ளைக்கு அந்த இடம் இல்லை. கார் உங்களுக்கு என்றால் கையெழுத்தை இந்தத் தடவையே வாங்கிவிடுங்கள்.