வாத்துக் குஞ்சுக்குக் கால் வளைகிறது, என்ன செய்ய?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தேரூர் பக்கம் வீடு. பத்து நாள் வாத்துக் குஞ்சு ஒன்று இரண்டடி நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறது, முட்டி வீங்கி கால் வளைந்திருக்கிறது. கோழிக்குஞ்சுத் தீவனம்தான் போடுகிறேன். பிழைக்குமா?

பதில்: பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நியாசின் என்கிற பி3 வைட்டமின் குறைவு போலத்தான் தெரிகிறது. வாத்துக் குஞ்சுக்குத் தீவனத்தில் கிலோவுக்கு சுமார் 55 மில்லிகிராம் வேண்டும், கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் அந்தத் தீவனம் பல நேரம் பற்றாது. தவிட்டில் நியாசின் நிறைய இருந்தாலும் உடம்பில் சரியாகச் சேராது. கால்நடை மருத்துவரிடம் காட்டி, குடிதண்ணீரில் கலக்கும் பி காம்ப்ளக்ஸ் மருந்தை அளவு கேட்டுக் கொடுங்கள். மீனிலும் நியாசின் உண்டு, நம்ம ஊரில் சாளை மீனுக்கா (மத்தி) பஞ்சம்? உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, கொஞ்சமாக உதிர்த்துப் போடலாம். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், வழுக்கினால் கால் இன்னும் விரியும், சாக்கு போதும். குளத்தில் இப்போது விட வேண்டாம், தாய் இல்லாத குஞ்சு நனைந்தால் விறைத்துப்போகும். அப்புறம், கழுத்தும் துவண்டு தொங்கினால் விஷயம் வேறு, அழுகியதைத் தின்று விஷமேறியிருக்கலாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.