முக்கால் டம்ளர் மழை

வணக்கம் சார்,

கல்யாணமாகிக் குன்னூர் வந்து மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். கணவருக்கு வங்கியில் வேலை. நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன அக்டோபரில் ஒரு நோட்டு வாங்கி, தினமும் கண்ணில் படுகிற சின்னச் சின்ன விஷயங்களை எழுத ஆரம்பித்தேன். எங்கள் பூனை புட்டு ஜன்னலில் உட்கார்ந்து இயற்கையை ரசிப்பது, காலை டீயின் ஆவி, மலை ரயிலின் கூவல், பால்கனித் தொட்டியில் கொண்டைக் குருவி ஒன்று இப்போது கூடு கட்டிக்கொண்டிருப்பது, இப்படி. ஆறு மாதம் கழித்து மொத்தமாகப் படித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே பக்கம் மாதிரி இருக்கிறது. "மனதுக்கு இதமாக இருந்தது" என்று 41 இடத்தில் எழுதியிருக்கிறேன். எண்ணினேன். "இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று இவர் கேலி செய்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. சின்ன விஷயங்களை எப்படி எழுதுவது? இல்லை, நிறுத்திவிடலாமா?

எஸ்., குன்னூர்

அன்புள்ள எஸ்.,

41 என்று எண்ணினீர்கள் பாருங்கள், கடிதத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அதை நோட்டில் எழுதி வைத்தீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். இன்றைக்கே தேதி போட்டு எழுதிவிடுங்கள்.

புட்டு ஜன்னலில் உட்கார்ந்து இயற்கையை ரசிக்கிறது என்கிறீர்கள். எந்தப் பூனையும் இயற்கையை ரசிப்பதில்லை அம்மா. அது உங்கள் பால்கனித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலையில் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, வாலுக்கடியில் சிவப்பு இருந்தால் அது செம்மீசைச் சின்னான். மலையில் வீட்டை ஒட்டியே கூடு கட்டும், மனிதர்களை ஒரு பொருட்டாக நினைக்காது. இரண்டு மூன்று முட்டை வைக்கும், பன்னிரண்டு நாள் போல அடைகாக்கும். குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும்போது சரியாகப் பறக்கத் தெரியாது. ஜன்னலில் இருப்பவர் அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறார். அதுவரை பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள். இரவிலும் புட்டுவை வெளியே விட வேண்டாம். சிறுத்தைக்கு நாயும் ஒன்றுதான் பூனையும் ஒன்றுதான்.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. "ரசிக்கிறது" என்று எழுதிய நிமிடத்தில் நீங்கள் பூனையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். 41 இடத்திலும் நடந்தது அதுதான். புட்டுவின் வால் நுனி மட்டும் துடித்ததா? தொண்டைக்குள் கடகடவென்று ஒரு சத்தம் போட்டதா? அதை எழுதியிருந்தால் இதம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். வராவிட்டாலும் போகட்டும், பூனையாவது நோட்டில் இருந்திருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது எழுத்தாளர்களிடம் இல்லை, ஒரு ரைட்டரிடம். தேயிலைத் தோட்டங்களில் ரைட்டர் என்றால் கதை எழுதுபவர் அல்ல, ஆபீசில் கணக்கு எழுதுபவர். என் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ரைட்டர். செக்ரோல் (ஆள் வருகை, கூலிக் கணக்கு), கொழுந்துக் கணக்கு, உரக் கணக்கு எல்லாவற்றோடும் மழைக் கணக்கும் அவர் பொறுப்பு. கவாத்து (செடியை வெட்டிவிடுவது) எப்போது, உரம் எப்போது, அடுத்த மாதம் கொழுந்து எவ்வளவு வரும் என்பதையெல்லாம் மழையை வைத்துத்தான் துரை முடிவு செய்வார். (வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் மேனேஜர் எங்களுக்குத் துரைதான்.)

ஆபீஸ் முற்றத்தில் ஐந்து அங்குலப் புனலோடு மழைமானி ஒன்று இருக்கும். தினமும் காலை எட்டரைக்கு அப்பா அதைத் திறந்து, உள்ளே தேங்கியதை அளவு கிளாஸில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நாடு மெட்ரிக்குக்கு மாறி வெகுநாள் கழித்தும் எங்கள் எஸ்டேட்டில் அங்குலமும் சென்ட்டும்தான். நூறு சென்ட் ஓர் அங்குலம். "நேத்து நாப்பது சென்ட் சார்" என்று போனில் சொல்வார். சின்ன வயதில் நான் அதை நிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வானத்திலிருந்து நாற்பது சென்ட் நிலம் விழுகிற மாதிரி.

பதிவேட்டில் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு பத்தி உண்டு. துரை அந்தப் பத்தியைப் படிக்கவே மாட்டார் போல, அப்பா அதில் என்னென்னவோ எழுதியிருக்கிறார். (மஸ்டர் என்றால் காலையில் ஆள் எண்ணுவது, டீமேக்கர் ஃபேக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்ப்பவர், லயன் தொழிலாளர்களின் வரிசை வீடு.) "0.15. மூடுபனி. மஸ்டருக்கு 9 பேர் தாமதம்." "மழை இல்லை. நாய் குட்டி 5. டீமேக்கர் வீட்டுக்கு 1." "1.80. லயன் வீடு இரண்டில் ஒழுகல்." "மழை இல்லை. சின்னவனுக்குக் காய்ச்சல்." அந்தச் சின்னவன் நான்தான். அந்தக் காய்ச்சல் எனக்கு ஞாபகமே இல்லை. எஸ்டேட் கணக்குப் புத்தகத்தில் நான் வேலை செய்யாமல் ஏறிய ஒரே நாள் அது.

ஒரு வாரம் அப்பா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மழை பார்க்கும் வேலை அம்மாவுக்கு வந்தது. அளவு கிளாஸின் பொடிக் கோடுகள் அம்மா கண்ணுக்குத் தெரியாது. அதனால் வீட்டு டம்ளரில் ஊற்றிப் பார்த்து, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: "முக்கால் டம்ளர்." மறுநாள் "கால் டம்ளருக்குக் கொஞ்சம் கீழே." அப்பா திரும்பி வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அதே டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து, கிளாஸில் ஊற்றிப் பார்த்தார். 46 சென்ட் வந்தது. பென்சிலால் ஓரத்தில் 0.46 என்று குறித்துக்கொண்டார். ஆனால் அம்மா எழுதியதை அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காதலைப் பற்றி யாரும் பேசியதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்றபின் நானும் மழை அளக்க ஆரம்பித்தேன். முதலில் வைத்தது ஒரு எவர்சில்வர் டப்பா. அடியும் வாயும் ஒரே அகலமாக, சுவர் நேராக இருக்கிற எந்தப் பாத்திரமும் மழைமானிதான். உள்ளே ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்தால் போதும், கணக்கே வேண்டாம். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். நேரம் காலை எட்டரை. வானிலைத் துறை நாடு முழுக்க மழை பார்க்கிற நேரமும் அதுதான். எட்டரைக்கு டப்பாவில் இருப்பது அதற்கு முந்தைய 24 மணி நேர மழை.

என் நாய் மணி முதல் வாரத்திலேயே இந்த எட்டரையைப் பிடித்துக்கொண்டான். நான் செருப்பை மாட்டுவதற்குள் டப்பா பக்கத்தில் நிற்பான். ஒருநாள் நான் ஸ்கேலைத் தேடிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் டப்பா காலி, மணி மூக்கில் தண்ணீர் சொட்டுகிறது. அன்றைய பதிவு: "மணி குடித்துவிட்டான். சுமார் 10 இருக்கலாம்." அப்புறம்தான் புனல் வைத்த மழைமானி வாங்கினேன்.

இதிலும் ஒரு கெட்டது உண்டு. மழை எண்களைப் பகிர்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் என் எண் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் வேகமெல்லாம் மேற்குச் சரிவில்தான். எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு வருவது மிச்சம் மீதி. நமக்கு ஐப்பசி கார்த்திகைதான். அதனால் அன்று என் மழைமானியைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதே நேரத்தில் அந்தப் பக்கம் ஜனங்கள் வீடு வாசலை விட்டுவிட்டு முகாமில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் செய்தியில் பார்த்தபோதுதான் எதற்கு ஆசைப்பட்டேன் என்று உறைத்தது. குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். உங்கள் நோட்டையும் கொஞ்ச காலத்துக்கு யாருக்கும் காட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இந்தப் பதில் அதற்கு நேர் எதிரானதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் மேல் விழுந்தால் ஒரு லிட்டர். உங்கள் மொட்டை மாடி நூறு சதுர மீட்டர் என்றால் பத்து மில்லிமீட்டர் கோடை மழை ஆயிரம் லிட்டர். ரேலியா அணைத் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் இதைச் சொன்னால் வங்கிக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், அப்பா அளந்ததற்குச் சம்பளம் உண்டு, நான் அளப்பதற்குக் கிடையாது. பிரயோஜனம் கண்டுபிடித்துத் தந்து அவரை ஜெயிக்கவா போகிறீர்கள்? கேலி செய்துவிட்டுப் போகட்டும். பொழுதுபோக்கு என்று சொல்லாமல் இருந்தால் சரி. மலையில் பொழுதைப் போக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. மார்கழியில் ஐந்தரைக்கே மூட்டம் இறங்கி அது தானாகப் போய்விடும்.

எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். தேதி, நேரம், எத்தனை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். "காட்டெருமைகளின் கம்பீரம் மெய்சிலிர்க்க வைத்தது" என்று எழுதாமல் "காலை 6.10. காட்டெருமை 4, கன்று 1. பீன்ஸ் பாத்தி காலி" என்று எழுதிப் பாருங்கள். மெய்சிலிர்த்ததா இல்லையா என்பது பத்து வருடம் கழித்துப் படிக்கும்போது தெரிந்துவிடும். பீன்ஸ் போனது கட்டாயம் ஞாபகம் வரும்.

ஒவ்வொரு நாளும் எழுத வேண்டுமா என்றால், ஆமாம். ஒன்றுமே இல்லாத நாளிலும் "ஒன்றும் இல்லை" என்று எழுத வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செப்டம்பரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடைப் பாறையில் ஒரு வாலாட்டிக் குருவி வந்து இறங்கும். முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், வால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் குளிர்காலத்துக்கு வருகிற சாதி. அது வந்த நாளைக் குறிப்பது சுலபம். நேற்று இல்லை, இன்று இருக்கிறது, அவ்வளவுதான். ஏப்ரலில் அது கிளம்புகிற நாள் அப்படியில்லை. கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு எந்தக் குருவியும் போவதில்லை. ஒருநாள் திடீரென்று, "அட, அதைப் பார்த்து நாளாச்சே" என்று தோன்றும். எத்தனை நாள்? நான்கா, பத்தா? தினமும் "வா" என்று ஓர் எழுத்தைப் போட்டு வைத்திருந்தால்தான் பின்னால் திருப்பிப் பார்த்துக் கடைசி நாள் இது என்று சொல்ல முடியும். அந்த நாளில் அது கடைசி நாள் என்று தெரிந்திருக்காது. மற்ற "வா"க்களைப் போல அதுவும் ஒரு "வா", அவ்வளவுதான்.

மணிக்கு முன்னால் ராஜா என்று ஒரு நாய் இருந்தான். நாட்டு நாய்தான், செவலை. பதினான்கு வருடம். சிறுத்தையிடமிருந்து இரண்டு முறை தப்பித்தவன், கடைசியில் வயதாகித்தான் போனான். போன தேதி தெரியும். ஆனால் என்னோடு ஓடைவரை கடைசியாக நடந்து வந்தது எந்த நாள் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு காலையில் வந்திருக்கிறான், மறுநாள் வாசலோடு நின்றிருக்கிறான். அப்போது நான் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

மணிக்கு இப்போது பன்னிரண்டு நடக்கிறது. பின்னங்கால் காலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், கருவாட்டுக்குள் வைத்தால் மாத்திரையை மட்டும் துப்பிவிடுகிறான். மழை எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு வருடமாக நான் "ம" என்று போட்டு வருகிறேன். எட்டரைக்கு அவன் கூட வந்த நாட்களில் மட்டும்.

சின்னான் எத்தனை முட்டை வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்க்காதீர்கள், கூட்டை விட்டுப் போய்விடலாம். அது வெளியே போன நேரம் பார்த்துச் செல்போனை உயர்த்தி ஒரே ஒரு படம் எடுங்கள், போதும். புட்டுவுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் சொல்லுங்கள். 1907-லிருந்து வெறிநாய்க்கடிக்கு மருந்து பார்த்த பாஸ்டியர் நிறுவனம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்று காலை இங்கே:

8.30. 6 மி.மீ. கோடை மழை, இடியோடு. வாலாட்டி இல்லை, நான்காவது நாள். ம.