வட ஆற்காடு என்றால் வேலூர் மட்டும் இல்லை

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறோம். என் பாட்டியின் தாத்தா 1889-இல் மதராஸிலிருந்து நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியவர். கப்பல் பட்டியலில் 'ஜில்லா வட ஆற்காடு, தாலுகா சித்தூர்' என்றும், ஓர் ஊர்ப் பெயரும் இருக்கிறது. வேலூர் மாவட்டம் முழுக்கத் தேடியும் அந்த ஊர் கிடைக்கவில்லை.

பதில்: கிடைக்காது. நீங்கள் தேட வேண்டியது ஆந்திராவில்.

1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். அந்த ஆண்டு சித்தூர், பலமனேர், சந்திரகிரி முதலிய தாலுகாக்களைப் பிரித்து, கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாட்டையும் சேர்த்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 1953-இல் அது ஆந்திராவோடு போனது. அதிலிருந்த திருத்தணி மட்டும் 1960-இல் திரும்பி வந்தது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: நம் தலைமுறைக்கு வட ஆற்காடாகவே தெரிந்த திருவண்ணாமலை 1889-இல் தென் ஆற்காட்டில் இருந்தது, திருப்பத்தூர் சேலத்தில் இருந்தது. அப்புறம் 1989-லும் 2019-லும் வேறு பிரிவினைகள். அதனால் ஜில்லா பெயரை ஓரமாக வைத்துவிட்டுத் தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் 1985-இல் தாலுகாக்களை மண்டலங்களாக உடைத்துவிட்டார்கள். ஆகவே பழைய சித்தூர் தாலுகா ஊர்கள் இன்று பல மண்டலங்களில் சிதறிக் கிடக்கும்.

ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாக நம்பாதீர்கள். வந்தவாசியை 'வாண்டிவாஷ்' ஆக்கிய காலம் அது. குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதினார். வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பாருங்கள், தெலுங்கு தெரிந்த ஒருவரையும் சொல்லச் சொல்லுங்கள். பட்டியலில் இருப்பது பெரிய ஊரோடு ஒட்டிய குக்கிராமமாகவும் இருக்கலாம். சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தால் கேரளாவுக்கு ரயிலேற வேண்டாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழரையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

பலரும் உடனே கேட்பது பழைய பட்டாவும் செட்டில்மென்ட் பதிவேடும் (நிலவரி நிர்ணயித்த பதிவேடு). பழைய மதராஸ் மாகாண ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைத்தான் முதலில் அணுக வேண்டும். ஆனால் என் அனுபவத்தில் இதில் ஏமாற்றமே அதிகம். பட்டா இருந்தவர் பெயர்தானே பதிவேட்டில் வரும்? கப்பலேறியவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. ஊரை உறுதி செய்ய அது உதவும், ஆளைக் கண்டுபிடிக்க உதவாது.

கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர் இருக்கிறதா பாருங்கள். நம் பக்கம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், இன்று உங்கள் வீட்டில் குடும்பப் பெயராக நிற்பது யாரோ ஒரு தாத்தாவின் சொந்தப் பெயராகவே இருக்கக்கூடும்.

இன்னொன்று, குலதெய்வம். வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். கங்கையம்மன் என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் கங்கையம்மன் உண்டு. முதல் மொட்டை எந்தச் சாமிக்கு, படையலில் என்ன வைப்பார்கள், எதை வைக்க மாட்டார்கள் என்பதையெல்லாம் கேளுங்கள். இரண்டு மூன்று ஊர்கள் தேறியதும் நேரில் போய், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி) வசூலிக்கும் பெரியவர்களைப் பாருங்கள். எந்த வீடு எந்த வீட்டுக்குப் பங்காளி என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.