கஞ்சி குடித்தும் குழந்தைக்கு எடை ஏறவில்லையே?

கேள்வி: நாங்கள் பாலக்கோடு பக்கம். மகளுக்கு எட்டு மாதம். போன மாதமும் இந்த மாதமும் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது அதே 7 கிலோதான். அரிசியை வறுத்துப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் மாவு போட்டுக் காய்ச்சி, புட்டியில் மூன்று வேளை கொடுக்கிறோம். தாய்ப்பாலும் உண்டு. பருப்பும் நெய்யும் செரிக்காது என்கிறார் மாமியார். டப்பா மாவு வாங்கலாமா? போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் சேர்க்கிறேன்.

பதில்: மகளுக்குப் பசி அடங்குகிறது, சத்துதான் போய்ச் சேரவில்லை. ஒரு ஸ்பூன் அரிசி மாவு ஏறத்தாழ 10 கிராம், அதாவது 35 கலோரி. 7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே சுமார் 200 மில்லிதான். அவ்வளவு தாய்ப்பால் குடித்தால் 130 கலோரி கிடைக்கும். உங்கள் கஞ்சி அந்த இடத்தை அடைத்துக்கொண்டு கால் பங்குதான் தருகிறது. இந்த வயதில் தாய்ப்பால் போக உணவிலிருந்து மட்டும் நாளுக்கு 200 கலோரியாவது வேண்டும்.

எனவே முதலில் புட்டியை எடுத்து வையுங்கள். புட்டியில் இறங்குகிற கஞ்சி எதுவானாலும் நீர்த்த கஞ்சிதான். கிண்ணமும் ஸ்பூனும் போதும். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு. கழுவி உலர்த்தி, தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து, ரவை பதத்தில் பொடித்து வையுங்கள். அதில் இரண்டு மூன்று ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் உடனே வழியக் கூடாது, அதுதான் பதம். இறக்கியதும் ஒரு டீஸ்பூன் நெய். அந்த நெய்யில் மட்டுமே 45 கலோரி, இப்போது நீங்கள் கொடுக்கும் ஒரு டம்ளர் கஞ்சியைவிட அதிகம்! மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நன்றாக வெந்த பாசிப்பருப்பு எட்டு மாதக் குழந்தைக்குச் செரிக்கும். முழுக்க வெந்த முட்டையையும் மசித்துக் கொடுக்கலாம்.

கெட்டியாக இருந்தால் துப்புகிறாளா? ராகிக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லையே. முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்த ராகி மாவில் அரை ஸ்பூனைக் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் கஞ்சியில் கலந்து சில நிமிடம் விடுங்கள். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி இளகும், சத்து குறையாது. பிறகு ஒரு கொதி வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

தண்ணீர் விஷயம்தான் எனக்குக் கவலை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது, பின்னால் பல்லில் கறையாகத் தெரியும். குழந்தையின் சமையலுக்காவது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரைப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீரைச் சோதனைக்கும் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது.

டப்பா மாவு அவசியமில்லை. அதில் பலவற்றில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள் என்பது உண்மை, சிலவற்றில் சர்க்கரையும் இருக்கும். இரும்புச்சத்துக்கு ஆறு மாதத்திலிருந்தே வாரம் இருமுறை 1 மில்லி சொட்டு மருந்து அரசுத் திட்டத்தில் இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. காலையில் காய்ச்சியதை மாலைக்கு வைக்காதீர்கள்.

ஒரு மாதம் இப்படிக் கொடுத்து, அதே தராசில் எடை பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் சிறுநீர், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். இடையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலும், பால் குடிப்பது குறைந்தாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.