தெர்மாமீட்டரில் தப்பில்லை, டீச்சர்

வணக்கம் டீச்சர். ஊட்டிப் பள்ளியில் தண்ணீரின் கொதிநிலையைக் காட்டும்போது தெர்மாமீட்டர் 93-லேயே நின்றுவிட்டது, கருவி பழுது என்று வேறொன்றைத் தேடி ஓடியதில் பீரியடே போய்விட்டது, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். புத்தகத்தில் இருக்கும் 100 கடல் மட்டத்துக்கு.

குன்னூரில் முதல் வருஷம் நானும் இதே இடத்தில் திகைத்து நின்றிருக்கிறேன். அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: எந்தச் செய்முறையானாலும் முதல் நாள் சாயங்காலமே அதே மேஜையில், அதே ஸ்பிரிட் விளக்கில் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவது. கொதிக்க எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். நம் ஊர்க் குளிரில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், அதைச் சூடாக்குவதிலேயே கால்வாசி நேரம் போய்விடும், அதனால் ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவேன். தீப்பெட்டியும் இன்னொரு தெர்மாமீட்டரும் மேஜை மேலேயே இருக்கும். நாம் அலமாரியைக் குடையும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் வகுப்பு கையை விட்டுப் போகிறது.

முன்னாடியே செய்து பார்த்திருந்தால் அந்த 93-தான் பாடமே. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள், வீட்டில் பார்த்த பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நாளைக்கே அந்த வகுப்புக்குப் போய், அன்றைக்குத் தெர்மாமீட்டர் காட்டியதுதான் சரி என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கருவி கெட்டுப்போனது என்றே அவர்கள் மனதில் தங்கிவிடும்.