மன்னித்துவிட்டால் புகார் கொடுக்கக் கூடாதா?

கேள்வி: என் மேலதிகாரி தன் தவறை என் தலையில் கட்டி, அப்படியே எழுத்திலும் பதிவு செய்துவிட்டார். மேலிடத்தில் புகார் கொடுக்க நினைத்தேன். எங்கள் போதகரோ, 'பேதுரு சொன்னபடி பொறுத்துப் போங்கள். மன்னித்தவர் புகார் கொடுக்க மாட்டார்' என்கிறார். என்ன செய்வது?

பதில்: புகார் கொடுங்கள். அதனால் உங்கள் மன்னிப்பு பொய்யாகிவிடாது.

போதகர் மனதில் வைத்திருப்பது 1 பேதுரு 2:18-25 ஆக இருக்க வேண்டும். அந்தப் பகுதி முதலில் வீட்டு அடிமைகளைப் பார்த்துப் பேசுகிறது. போக்கிடம் இல்லாத அவர்களிடம், 'நீங்கள் படும் அநியாயம் கடவுளுக்குத் தெரியும், கிறிஸ்துவும் இந்த வழியில்தான் போனார்' என்கிறார் பேதுரு. முறையிட வழி இருப்பவரை வாயை மூடச் சொல்ல அதை எடுப்பது சரியல்ல. அடிமைகளிடமே, விடுதலையாக முடிந்தால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னவர் பவுல் (1 கொரிந்தியர் 7:21).

தன்னை வைதவர்களை இயேசு பதிலுக்கு வையவில்லை என்று அதே பகுதி சொல்வது உண்மைதான். ஆனால் விசாரணையில் சேவகன் ஒருவன் அறைந்தபோது, நான் பேசியது தவறென்றால் அதைக் காட்டு, இல்லையென்றால் 'என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார் (யோவான் 18:23).

பிலிப்பி நகரில் நடந்தது உங்களுக்கு இன்னும் பொருந்தும். விசாரணையே இல்லாமல் பவுலையும் அவருடைய ஊழியத் தோழர் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். அன்றிரவே பவுல் சிறைக்காவலனைத் தற்கொலையிலிருந்து தடுத்து, அவன் வீட்டில் சாப்பிடவும் செய்தார். விடிந்ததும் அதிகாரிகள் 'போகலாம்' என்று சொல்லி அனுப்பினால், ரோமக் குடிமக்களான எங்களை வெளிப்படையாக அடித்துவிட்டு ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வரட்டும் என்கிறார் (அப்போஸ்தலர் 16). காவலன் மேல் வன்மமும் இல்லை, அதிகாரிகளை லேசில் விடவும் இல்லை.

பழிவாங்கும் வேலையைக் கடவுளிடம் விட்டுவிடுவதுதான் மன்னிப்பு (ரோமர் 12:19). நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதும்முன் உங்களையே கேளுங்கள்: பதிவு திருத்தப்பட வேண்டுமா, அவர் அவமானப்பட வேண்டுமா? இரண்டாவதுதான் என்றால் கொஞ்சம் பொறுங்கள். கோபம் மட்டும் இருந்தால் பரவாயில்லை, அது ஒரே நாளில் போகாது.

அப்புறம், மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசை அலுவலகத்துக்கும் உதவும். முதலில் தனியே பேசுங்கள்; கேட்காவிட்டால் சாட்சியோடு; அதற்கும் மேல் முறையான இடத்தில், தேதியும் ஆதாரமும் சேர்த்து. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை என்றால் தனியே பேசவே போகாதீர்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பவுல் தமஸ்குவிலிருந்து கூடையில் இறங்கித் தப்பியவர்தான்.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஜெபக்குறிப்பு என்ற பெயரில் விஷயத்தைச் சபை முழுக்கப் பரப்புவது. புகார் கொடுப்பதைப் பாவம் என்பவர்கள் பலர் இதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள்!

புகார் எடுபடாமலும் போகலாம். பேதுருவின் அந்தப் பகுதியை அப்போது எடுத்து வாசியுங்கள். அது உங்களுக்காகவே எழுதினதுபோல் இருக்கும். அதன்பின் அங்கேயே நீடிப்பதா, வேறு வேலை தேடுவதா என்பது உங்கள் முடிவு, இரண்டிலும் பாவமில்லை.