ஜட்ஜ் மாறினா சட்டம் மாறுமா?

கேள்வி: இந்து வாரிசுரிமைச் சட்டத்த 2005ல திருத்தி மகளுக்கும் பூர்வீக சொத்துல சம பங்கு குடுத்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே அப்பா இறந்துட்டா மகளுக்குப் பங்கு இல்லன்னு 2015ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, 2018ல உண்டுன்னு சொல்லுச்சு. டிவிய போட்டா தினம் ஒரு 'அதிரடி தீர்ப்பு'. எல்லாம் ஜட்ஜோட மூடப் பொறுத்ததுதானா?

பதில்: பாதியில நிறுத்திட்டீங்களே சார், 2020 என்னாச்சு? 2015லயும் 2018லயும் சொன்னது ரெண்டு ஜட்ஜ் பெஞ்ச், ரெண்டும் முட்டிக்கிட்டதால மூணு ஜட்ஜ் பெஞ்சுக்குப் போச்சு, 2020 ஆகஸ்ட் 11ல அவங்க மகளோட உரிமை பொறப்பால வர்றது, திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்னிக்கு அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது விஷயமே இல்லன்னு முடிச்சு வெச்சுட்டாங்க. முரண்பாடு வந்தா பெரிய பெஞ்ச் தீர்க்கும், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு, மூடுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அஞ்சு வருஷம் இழுத்ததுன்னு திட்டுங்க, நானும் கூட சேர்ந்து திட்டுறேன்.

ஆனா அந்த தீர்ப்பையும் 'மகளுக்கு எல்லா சொத்துலயும் பங்கு'ன்னு ஒரே வரியில தலைப்பு போட்டாங்க பாருங்க, அதுலதான் வினையே. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவு பண்ணின பாகப்பிரிவினையோ கோர்ட் டிக்ரியோ இருந்தா அதத் தொட முடியாது. அப்பா சொந்தமா சம்பாதிச்சதுன்னா இந்த சண்டையே வேணாம், உயில் எழுதாம போயிருந்தா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் பங்கு வந்துடும். தமிழ்நாட்டுல 1989லயே தனியா திருத்தம் வந்து அன்னிக்குக் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பூர்வீக சொத்துல உரிமை குடுத்தாச்சு. இதெல்லாம் எந்த தலைப்புல வந்துச்சு?

அடுத்து, கோர்ட்ல ஜட்ஜ் வாய் திறந்தாலே அத தீர்ப்புன்னு எடுத்துக்கறீங்க. 2021 தேர்தல் நேரத்துல, கொரோனா ரெண்டாவது அலை அடிச்சப்ப, தேர்தல் ஆணையம் மேல கொலை வழக்கே போடலாம்னு சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையில சொன்னது ஊர் பூரா பரவுச்சு. அந்த வார்த்தைய நீக்கச் சொல்லி ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. வார்த்தை கடுமைதான், ஆனா அது உத்தரவுலயே இல்ல, இல்லாதத எப்படி நீக்குறதுன்னு கேட்டுட்டாங்க. வாய்மொழியா சொல்றது வக்கீலக் கிண்டி பதில் வாங்கறதுக்கும்தான், சாயங்காலம் கையெழுத்தாகி வர்ற உத்தரவு வேற மாதிரி இருக்கலாம்.

இன்னொன்னு, 'உச்ச நீதிமன்றம் தள்ளுபடி, உயர் நீதிமன்றத் தீர்ப்பு உறுதி'ன்னு போடுவாங்க. சிறப்பு அனுமதி மனுவ, அதாவது மேல்முறையீட்டுக்கு அனுமதி கேக்கற மனுவ, காரணமே சொல்லாம தள்ளுபடி பண்ணினா, மேல்முறையீட்ட எடுத்துக்கலன்னு மட்டும்தான் அர்த்தம், கீழ சொன்ன சட்டத்த ஒத்துக்கிட்டாங்கன்னு இல்ல, 2000லயே உச்ச நீதிமன்றம் இத தெளிவா சொல்லியாச்சு. (சில வக்கீல்களே இத தெரியாத மாதிரி வாதாடுவாங்க, அது வேற கதை.)

சில நேரம் மாத்துறது கோர்ட்டே இல்ல. செக் பவுன்ஸ் கேஸ எங்க போடறதுன்னு பாருங்க, செக் குடுத்தவரோட பேங்க் இருக்கற ஊர்லதான்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, பணம் வரவேண்டியவங்க ஊர் ஊரா அலைஞ்சாங்க, அடுத்த வருஷமே பார்லிமென்ட் சட்டத்த திருத்தி, செக்க கணக்குல போட்டா, வாங்கினவரோட பேங்க் கிளை இருக்கற இடம்னு ஆக்கிடுச்சு. இதுல ஜட்ஜத் திட்டி என்ன பிரயோஜனம்?

கோபப்படறதுன்னா நியாயமான ஒரு இடம் இருக்கு. சோஷியல் மீடியால எழுதினதுக்கு ஆளத் தூக்க வசதியா இருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ பிரிவ 2015 மார்ச் 24ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. ஆறு வருஷம் கழிச்சும் 11 மாநிலத்துல 745 கேஸ் நிலுவையில இருக்குன்னு ஒரு மனு போச்சு, அதிர்ச்சியா இருக்குன்னு கோர்ட் சொல்லுச்சு. கடைசில, யார் மேலயும் இந்தப் பிரிவுல வழக்கு நடத்தக் கூடாதுன்னு 2022ல மறுபடி உத்தரவு போட வேண்டியதாப் போச்சு. இங்க ஜட்ஜும் மாறல, சட்டமும் மாறல, தீர்ப்பு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே இல்ல. அடுத்த கேள்வி அதப் பத்தி அனுப்புங்க.